ராணி இருந்தும் டிரா!

இரண்டாம் ஆண்டில் பாலிடெக்னிக்குகளுக்கு இடையே செஸ் போட்டி. நான் ஜெயித்தால் நம்ம டீம் அடுத்த சுற்றுக்குப் போகும். எதிராளியிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜாவும் ராணியும். "முடிஞ்சுதுடா மாப்ளே!" என்றான் பின்னால் நின்றவன். ராணியை எஃப்-7இல் வைத்தேன். எச்-8 மூலையில் இருந்த ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட்! திரும்பும்போது பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் முதல் ஹாஸ்டலில் தினம் ஐந்து புதிர் போட்டேன். கற்றது இதுதான்:

1. இரண்டு யானை: ஒன்று ஒரு வரிசையை அடைக்க, மற்றது அடுத்த வரிசையில் செக் வைக்கும். ஏணி ஏறுகிற மாதிரி மாறி மாறி.

2. ராஜா, ராணி: எதிர் ராஜாவுக்குக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைத்து ஓரத்துக்கு விரட்டுங்கள். அது மூலைக்குள் போனதும் ராணி நிற்கட்டும். உங்கள் ராஜாவைக் கூட்டி வாருங்கள். சரியாக ஆடினால் 10 நகர்த்தலுக்குள் மேட்.

3. ராஜா, ஒரு யானை: 16 நகர்த்தல் போதும். ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது ஓரத்து வரிசையில் யானை செக் வைத்தால் மேட்.

இப்போ ஒரு புதிர். வெள்ளை: ராஜா ஜி-6, ராணி இ-7. கருப்பு: ராஜா எச்-8. ஆட்டம் வெள்ளையுடையது. ராணிக்கு 5 கட்டத்தில் மேட், 2 கட்டத்தில் டிரா. எவை?

விடை: மேட் டி-8, இ-8, எஃப்-8, ஜி-7, எச்-7. டிரா இ-6, எஃப்-7.

அன்று என் போர்டில் இருந்ததும் இதே நிலைதான். ஐந்து கதவு திறந்திருக்க, நான் சுவரில் முட்டினேன். நீங்க முட்டாதீங்க!