தளம் போனபின் நிலம் என்னவாகும்?

படைத்தளம் ஒன்று மூடப்படும் என்ற செய்தி வந்தால் ஊரில் இரண்டு விதமான பேச்சு எழும். "எங்கள் காணி திரும்பி வரும்" என்பர் சிலர். "தளத்தை நம்பிப் பிழைத்தவர்கள் இனி என்ன செய்வது?" என்பர் வேறு சிலர். இரண்டும் நியாயமான பேச்சே. பிலிப்பைன்ஸ் மக்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் சந்தித்தார்கள். அவர்களது அனுபவத்தை இப்பாடத்தில் படிப்போம்.

இரு தளங்கள்

லூசோன் தீவில் அமெரிக்காவுக்கு இரு பெரிய தளங்கள் இருந்தன. ஒன்று சூபிக் குடாவிலிருந்த கடற்படைத் தளம். மற்றையது கிளார்க் விமானப்படைத் தளம். 1991 யூன் 15ஆம் திகதி பினட்டூபோ எரிமலை வெடித்து இரண்டையும் சாம்பலால் மூடியது. கிளார்க்கை அமெரிக்கர் அவ்வாண்டிலேயே கையளித்துவிட்டனர். சூபிக்கில் தொடர்ந்து தங்குவதற்கான ஒப்பந்தத்தைச் செப்ரெம்பர் 16ஆம் திகதி பிலிப்பைன்ஸ் செனற் சபை 12க்கு 11 என்ற வாக்குகளால் நிராகரித்தது. 1992 நவம்பர் 24ஆம் திகதி கடைசிப் படையினரும் சூபிக்கை விட்டுப் போயினர்.

காவல் நின்ற ஊர்

கிளார்க்கில் காவல் போதவில்லை. கதவு, யன்னல், மின்கம்பி, கூரைத்தகடு எல்லாம் களவு போயின. சூபிக்குக்கு அருகிலுள்ள ஒலொங்காப்போ நகர மக்கள் இதைக் கண்டு விழித்துக்கொண்டார்கள். தளத்தில் வேலை செய்து பிழைத்த ஊர் அது. மேயர் றிச்சர்ட் கோர்டனின் அழைப்பை ஏற்றுச் சுமார் 8,000 தொண்டர்கள் சம்பளமின்றிக் காவல் நின்றார்கள், துப்புரவும் செய்தார்கள். துறைமுகமும் ஓடுபாதையும் கட்டடங்களும் தப்பின.

1992இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி சூபிக் சுதந்திர வர்த்தக வலயமாயிற்று. 1995இல் பெடெக்ஸ் நிறுவனம் தனது ஆசிய விமான நிலையத்தை அங்கு அமைத்தது. 1996இல் ஆசிய பசுபிக் நாடுகளின் தலைவர்கள் அங்கு கூடினார்கள்.

ஆனால் 2009இல் பெடெக்ஸ் சீனாவுக்கு இடம் மாறியது. 2006இல் வந்த கொரியக் கப்பல் கட்டும் தளம் 2019இல் கடனில் மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். படைத்தளத்தை நம்பியிருந்தாலென்ன, ஒரு பெரிய கம்பனியை நம்பியிருந்தாலென்ன, ஒற்றைக் கப்பில் நிற்கும் பந்தல் ஒரு காற்றுக்குச் சரிந்துவிடும்.

கிணற்றில் வந்த கேடு

எரிமலைச் சேற்றால் வயலையும் வீட்டையும் இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளார்க் தளத்தின் ஒரு பகுதியில் தற்காலிகமாகக் குடியேற்றப்பட்டன. அவர்களும் நம்மைப்போல இடம்பெயர்ந்த மக்களே. அங்கிருந்த கிணற்று நீரைக் குடித்தார்கள், சமைத்தார்கள். பின்னரே அந்நீரில் எண்ணெயும் இரசாயனங்களும் கலந்திருப்பது தெரியவந்தது. நோய்கள் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. தளத்தைத் துப்புரவாக்கித் தரவேண்டும் என்ற கடமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே போனவர்களிடம் கேட்கச் சட்டவழி கிடைக்கவில்லை.

முதற் குடிகள்

சூபிக் காடுகளில் அயெற்றா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வியட்நாம் போர்க்காலத்தில் காட்டில் உயிர்பிழைக்கும் வித்தையை அமெரிக்கப் படையினருக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். தளம் மூடியபின் அதே வித்தையை உல்லாசப் பயணிகளுக்குக் காட்டி உழைத்தார்கள். எனினும் பழங்குடிகளின் காணி உரிமையை ஏற்கும் சட்டம் 1997இல்தான் வந்தது. தொழிற்சாலைகளுக்கான சட்டம் 1992இலேயே வந்துவிட்டதைக் கவனிப்போம்.

நாம் கற்பவை

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியோருக்குக் காணிகள் பல்லாண்டுகளின் பின் பகுதி பகுதியாகவே திரும்பின. ஆகவே இப்பாடம் நமக்கு அந்நியமானதல்ல.

1. உறுதி, பழைய வரைபடம், எல்லை மரம், கிணறு ஆகியவற்றின் விபரங்களை இப்போதே குறித்து வைப்போம்.
2. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகும்வரை காணியில் கால் வைக்காதிருப்போம்.
3. நீரைச் சோதிக்கும்வரை குடியாதிருப்போம். எரிபொருள் வைத்த இடம், வாகனம் திருத்திய இடம், குப்பை புதைத்த இடம் எவையெனக் கேட்டறிவோம்.
4. கட்டடங்களை உடைத்துப் பங்கிடாமல் பாடசாலைக்கோ சங்கத்துக்கோ களஞ்சியத்துக்கோ காப்போம்.

குழுவாகச் சிந்திக்க

• நமது காணி நாளை திரும்பினால் முதல் வாரத்தில் யார் எதைச் செய்வது?
• காணியற்ற கூலிக் குடும்பங்களுக்கு அங்கு என்ன பங்கு?
• முகாமில் வேலை செய்து பிழைத்தவர்களை எவ்வாறு நம்மோடு சேர்த்துக்கொள்வது?