பிள்ளைகள் தாமே நிரப்பும் மனநிலைப் படிவம்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பள்ளியில் ஏதோ கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்களாம். அதில் 21 வந்திருக்கிறது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். வேறு விளக்கம் எதுவும் இல்லை. “எம்புள்ளைக்கு மூளைக் கோளாறாண்ணே?” என்று கேட்டு அழுதுவிட்டார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். இன்று பல பள்ளிகளில் இத்தகைய படிவங்கள் வருவதால், இதைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

அந்தப் பிள்ளை நிரப்பியது உலகெங்கும் பழக்கத்தில் உள்ள படிவங்களுள் ஒன்று. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1961-இல் பெரியவர்களுக்காக ஒரு மனச்சோர்வுப் படிவத்தை வெளியிட்டார். அதைத் தழுவி, 7 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மரியா கோவாக்ஸ் ஒன்றை உருவாக்கினார். அதில் 27 இனங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியங்கள் இருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் தனக்குப் பொருந்தியதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். ஆக மொத்தம் 54. பரீட்சை மதிப்பெண் போல இதில் கூடுவது நல்லதல்ல. பள்ளிப் பிள்ளைகளிடையே 20-ஐ ஒட்டிய எண்ணை எல்லையாகக் கொண்டு, அதைத் தாண்டியவர்களை மேலும் விசாரிப்பது வழக்கம்.

விசாரிப்பது என்பதைக் கவனியுங்கள். அது நோய் என்ற தீர்ப்பு அல்ல. ஒரு கணக்குச் சொல்கிறோம். இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள்தான். 100 பிள்ளைகளில் 5 பேருக்கு உண்மையாகவே மனச்சோர்வு இருப்பதாகக் கொள்வோம். படிவம் அவர்களில் 4 பேரைக் கண்டுபிடிக்கிறது. மீதி 95 பேரில் 10 பேரையும் தவறாகச் சேர்த்துக் காட்டுகிறது. இப்போது எல்லையைத் தாண்டியவர்கள் 14 பேர், அவர்களில் நோயுள்ளவர் 4 பேர்தான். அதே நேரத்தில் நோயுள்ள ஒரு பிள்ளை குறைந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போய்விட்டது. நமக்கு அதிகக் கவலை தருவது அந்த ஒரு பிள்ளைதான்.

மதிப்பெண் ஏன் பிசகுகிறது? பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் எந்தப் பையனும் உண்மையை எழுத மாட்டான். ஆசிரியர் கோபிப்பார் என்று நினைக்கும் பிள்ளை எல்லாம் நலம் என்று குறித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு “இரண்டு வாரமாக” என்பது பிடிபடாது. இன்று காலை வாங்கிய திட்டுதான் நினைவில் நிற்கும். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும் பிள்ளையிடம் தூக்கத்தையும் பசியையும் பற்றிக் கேட்டால் விடை எப்படி இருக்கும்? பரீட்சை வாரமும் அப்படித்தான். மொழிபெயர்ப்பிலும் சிக்கல் உண்டு. நம் பிள்ளைகள் மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்வதில்லை. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்பார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்பது மருத்துவ நூல்களே ஏற்றுக்கொண்ட உண்மை.

அப்படியானால் பெற்றோரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். 1987-இல் ஆக்கன்பாக்கும் அவர் குழுவினரும் 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் பெரியவர்கள் அப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதற்கும் இருந்த ஒட்டுறவு சராசரியாக 0.22 மட்டுமே. முழு ஒற்றுமை என்றால் அது 1 ஆக இருக்கும். வெளியே தெரியும் சண்டை, சேட்டையைப் பெற்றோர் நன்றாகவே காண்கிறோம். உள்ளே இருக்கும் துயரத்தைத்தான் தவறவிடுகிறோம். இத்தனை குறை இருந்தும் பிள்ளையிடமே கேட்கும் படிவத்தைத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

அந்தத் தாயையும் மகனையும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். தாயிடம் கேட்டபோது, “நல்லாத்தான் இருக்கான், கொஞ்சம் கோவம் வரும்” என்றார். மகன் மருத்துவரிடம் தனியே பேசியபோதுதான், பல வாரமாக இரவு இரண்டு மணி வரை தூங்காமல் கிடப்பது தெரிய வந்தது. ஒரே அறையில் படுத்திருக்கும் உம்மாவுக்கே அது தெரியவில்லை. இப்போது வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போய் வருகிறான்.

“தொழுகை சரியாக இருந்தால் இதெல்லாம் வராது” என்று நம்மில் சிலர் சொல்வதையும் கேட்கிறோம். மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது. அவர்களுடைய ஈமானை யார் குறை சொல்வார்?

இத்தகைய படிவங்களில் வாழ விருப்பமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கும். உங்கள் பிள்ளை அதில் ஆம் என்ற பக்கம் குறித்திருந்தால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அது 8 ஆக இருந்தாலும் சரி. திட்டாமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மனஸ் இலவச எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். சிறுவர் உதவி எண் 1098.

பள்ளியிலிருந்து வெறும் எண் மட்டும் வந்தால், எந்தப் படிவம், எப்போது எங்கே வைத்து நிரப்பப்பட்டது, யார் பார்த்தார்கள், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்குபவர்கள் அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வந்தால் கடிதம் எழுதித் தருகிறோம். பிள்ளையின் பெயர் நம் பதிவேட்டில் ஏறாது.