இதயம் உப்பைப் பார்த்துக்கொள்ளுமா?

"டாக்டர், இதயமே ஒரு ஹார்மோன் சுரந்து உப்பை வெளியே தள்ளிவிடுமாமே? எலியில் நிரூபித்துவிட்டார்களாமே? அப்புறம் எதற்கு உப்பைக் குறைக்கணும்?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முதல் பாதி மெய். அதைக் காட்டித்தான் பின்பாதியை விற்கிறார்கள்.

1981இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடால்ஃபோ டி போல்டும் குழுவினரும், எலி இதயத்தின் மேலறைத் தசையை அரைத்துச் சாறெடுத்து, மயக்கத்தில் இருந்த வேறு எலிகளின் ரத்தத்தில் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் சிறுநீர் 10 மடங்கு பெருகியது. அதில் வெளியேறிய சோடியம் 30 மடங்குக்கும் மேல். கீழறைச் சாற்றில் அந்த வேலை நடக்கவில்லை. அந்தப் பொருள்தான் இன்று நாம் ஏஎன்பி என்று சொல்லும் ஹார்மோன்.

ஆனால் அது ஊசியில் ஏற்றிய சாறு. உப்புத் தின்ற எலியின் உடம்பில் நடப்பது வேறு. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, மேலறைச் சுவர் விரிந்து இழுபடுகிறது. அந்த இழுவைதான் ஏஎன்பியைச் சுரக்க வைக்கிறது. ஹார்மோன் ஏறியிருக்கிறது என்றால் பாரமும் ஏறியிருக்கிறது என்றே பொருள்.

லூயிஸ் டால் வளர்த்தெடுத்த, உப்பு ஒத்துக்கொள்ளாத எலி வம்சத்தைப் பாருங்கள். ரத்தத்தில் ஏஎன்பி கூடுதலாகவே இருக்கிறது. அதன் பேச்சைச் சிறுநீரகம் சரியாகக் கேட்பதில்லை. ரத்த அழுத்தம் எகிறுகிறது. 1995இல் ஆலிவர் ஸ்மித்தீஸ் குழுவினர், ஏஎன்பி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டுமே உள்ள சுண்டெலிகளை வளர்த்தார்கள். 0.5% உப்புள்ள தீவனத்தில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. 8% கொடுத்ததும் அழுத்தம் 27 புள்ளி கூடியது. உங்கள் இதயமும் சிறுநீரகமும் எந்த எலியின் ரகம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

இதயம் பலவீனமானவர்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோனும் இதன் தம்பியான பிஎன்பியும் மிக அதிகம். அப்படியும் உப்பும் நீரும் உடம்பில் தேங்கி, அவர்கள் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அந்தக் குழியைப் பார்த்தவர் யாரும் 'இதயம் பார்த்துக்கொள்ளும்' என்று பேசமாட்டார்.

இந்துப்பு கெடுதல் செய்யாது என்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காததை வாங்கினால் அந்த நட்டமும் சேரும்.

"இலையில் உப்பே வைத்துக்கொள்வதில்லை" என்பார்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டிலோ பின்பக்கத்தில், பொடி எழுத்தில், 'சோடியம் 800 மி.கி.' என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் 2 கிராம் உப்பு என்று தெரியும். கடையில் நிற்கும் அம்மா ஏன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்? முன்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் 'உப்பு 2 கிராம்' என்று அச்சிட்டால் என்ன?