நாளைக்காக இன்று கூடுதல் விலை கொடுக்கலாமா?
கிராபிக்ஸ் கார்டு சொல்லும் கொள்முதல் பாடம்



பருப்பும் வத்தலும் பற்றி எழுதுகிறவன் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். இது நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட செலவு. கல்லூரியில் சேர்ந்த பிள்ளை கேட்கிறான். நாமும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். கொடுக்கும் தொகை ஒரு சிறிய மளிகைக் கடையின் ஒரு வாரக் கொள்முதலுக்குச் சமம். ஆகையால் இதையும் ஒரு சரக்காகவே பாவித்து, கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

என் மகன் வழிப் பேரன் சென்ற பருவத்தில் ஒரு விலைப்பட்டியலோடு வந்தான். கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நடுத்தர விலையில் ஒன்று இருக்கிறது. அதைப்போல் இரண்டு மடங்கு விலையில் இன்னொன்று இருக்கிறது. அவன் கேட்டது இரண்டாவதை. "இப்பவே பெரிசா வாங்கிட்டா அஞ்சாறு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் தாத்தா" என்றான். அவன் அப்பா, அதாவது கடையைப் பார்த்துக்கொள்ளும் என் மகன், தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்க நேருமே என்று தயங்கினான்.

"திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்ற வார்த்தை எனக்குப் பழக்கமானது. 1998-ல் மண்டிக் கணக்கு எழுத முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். சாதாரண மெஷினே போதுமாக இருந்தது. விற்றவர், "பென்டியம் டூ வாங்கிருங்க அண்ணாச்சி, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார். கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேன். ஐந்தாம் வருஷம் புதிய கணக்கு சாப்ட்வேர் அதில் ஓடவில்லை. கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போனது. பேரேடு எழுதும் வேலையைச் சாதாரண மெஷினும் அதே நான்கு வருஷம் செய்திருக்கும். நான் கொடுத்த கூடுதல் பணம் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.

ஆனால் பழைய சூட்டை வைத்துப் புதிய சரக்கை ஒதுக்கிவிடக் கூடாது. எனவே பேரனையே உட்காரவைத்து, விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிராபிக்ஸ் கார்டு என்பது என்ன?

கம்ப்யூட்டரின் மூளை ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை மாதிரி. சிக்கலான வேலையை ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பார். கிராபிக்ஸ் கார்டு அப்படியல்ல. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பொட்டலம் மடிப்பது மாதிரி. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுவது அதன் வேலை. சாதாரண முழு எச்.டி. திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். வினாடிக்கு 60 தடவை இத்தனை புள்ளிக்கும் கணக்குப் போட வேண்டும். கார்டிலேயே ஒட்டிய நினைவகம் ஒன்றும் உண்டு. அது கடையை ஒட்டிய குடோன் மாதிரி. குடோன் சிறுத்தால் ஆள் எத்தனை பேர் இருந்தும் வேலை தடைப்படும்.

கூடுதல் விலை கொடுத்தவர்கள் கண்டது

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 2080 டி.ஐ. என்ற கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனம் தானே விற்ற பதிப்பின் விலை 1,199 டாலர். வருங்காலத்துக்கும் சேர்த்து என்று பலர் வாங்கினார்கள். 2020 அக்டோபரில் அதே நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 3070 வந்தது. அறிவித்த விலை 499 டாலர். வேகம் ஏறக்குறைய பழையதற்குச் சமம். இரண்டே வருஷத்தில் அதே வேகம் பாதிக்கும் குறைந்த விலைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று. 2017-ல் 699 டாலருக்கு ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. வந்தது. நல்ல சரக்கு; பல வருஷம் உழைத்தது. ஆனால் 2024 டிசம்பரில் வெளியான இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிர் கணக்கிடும் தனி அமைப்பு உள்ள கார்டு கட்டாயம் என்றது. அந்த அமைப்பு 2018 முதல் வந்த வரிசைகளில்தான் உண்டு. 2019-ல் 399 டாலருக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர் அந்த விளையாட்டுக்குக் குறைந்தபட்சத் தகுதி பெற்றது. 699 டாலர் கார்டு பெறவில்லை. வருங்காலத்துக்கு எது வேண்டியிருக்கும் என்பது 2017-ல் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

மறுபக்கமும் உண்டு

தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்தால் எடை தெரியாது.

3070 கார்டில் நினைவகம் 8 ஜி.பி.; பழைய 2080 டி.ஐ.-யில் 11 ஜி.பி. 2023-ல் வந்த சில பெரிய விளையாட்டுகளுக்கு, படத் தரத்தை உயர்த்தி வைத்தால் 8 ஜி.பி. போதவில்லை. அங்கே பழைய கார்டு வைத்திருந்தவர் தப்பித்தார். வேகம் குறைந்தால் தரத்தைச் சற்று இறக்கி ஆடலாம். குடோன் சிறுத்தால் தட்டுத் தடுமாறும். மேஜைக் கம்ப்யூட்டரில் கார்டையே மாற்றலாமே தவிர, கார்டுக்குள் நினைவகத்தைக் கூட்ட முடியாது.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. 2020 கடைசியிலிருந்து, கொரோனா காலத் தட்டுப்பாடும் கிரிப்டோ நாணயம் எடுப்பவர்களின் கொள்முதலும் சேர்ந்து, 499 டாலர் கார்டு அந்த விலைக்குக் கிடைக்காமல் போனது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டு தேவையில்லை என்றானதும், பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. 2025 கடைசியில் செயற்கை அறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் நினைவக விலை மறுபடி ஏறியது. வத்தல் விலை மாதிரிதான் இதுவும். ஏற்றத்தைக் கண்டு பதறி வாங்கினால் கையைக் கடிக்கும்.

புதிதெல்லாம் மேல் என்பதும் இல்லை. 2021-ல் வந்த 3060 கார்டு 12 ஜி.பி. நினைவகத்தோடு வந்தது. 2023-ல் வந்த 4060-ல் 8 ஜி.பி.தான். ஆகவே நல்ல நடுத்தரக் கார்டை இரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

நம் கணக்கு

கணக்குக்காக வட்டமான தொகைகளை வைத்துக்கொள்வோம். விலை கூடிய கார்டு 90,000 ரூபாய். ஆறு வருஷம் ஓட்டலாம் என்று நம்பி வாங்குகிறோம். நடுத்தரக் கார்டு 45,000 ரூபாய். மூன்று வருஷம் கழித்து அதை 18,000-க்கு விற்று, இன்னொரு 45,000 ரூபாய்க் கார்டு வாங்குகிறோம். ஆறு வருஷச் செலவு 72,000. முதல் மூன்று வருஷம் 45,000 ரூபாய் கையில் நின்றது அல்லவா? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி வைத்தாலும் 16,200. அதைக் கழித்தால் நிகரச் செலவு 55,800. கடைச் சரக்கில் போட்டுப் புரட்டினால் இன்னும் கூடும்.

முதல் மூன்று வருஷம் பையனுக்குக் காட்சி சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் கடைசி மூன்று வருஷம் அவன் கையில் இருப்பது புதுச் சரக்கு, புது உத்தரவாதம், அன்றைய புதிய வசதி.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 4060 கார்டு 115 வாட் வரை இழுக்கும்; 4090 கார்டு 450 வாட் வரை. முழு வேகத்தில் தினம் 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 40 யூனிட் வித்தியாசம். பெரிய கார்டுக்குப் பெரிய பவர் சப்ளையும் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

எப்போது கூடுதல் விலை தகும்?

பழைய அரிசி குடோனில் இருந்தால் விலை கூடும். கொத்தமல்லித் தழை மறுநாளே வாடும். கிராபிக்ஸ் கார்டு தழை வகைதான். அரிசி என்று நினைத்து வாங்கக் கூடாது. ஆயினும் நான்கு இடங்களில் கூடுதல் பணம் நியாயமே.

1. பிறகு கூட்ட முடியாததற்கு. 2025 ஏப்ரலில் வந்த 5060 டி.ஐ. கார்டில் 8 ஜி.பி. வகை 379 டாலர், 16 ஜி.பி. வகை 429 டாலர் என்று அறிவித்தார்கள். ஐம்பது டாலருக்கு இரட்டிப்பு குடோன். இது தகும்.

2. லேப்டாப்புக்கு. பெரும்பாலான லேப்டாப்பில் கிராபிக்ஸ் சில்லைக் கழற்றி மாற்ற முடியாது. அங்கே ஒரு படி கூட்டி வாங்குவது புத்திசாலித்தனம்.

3. இன்றே முழுதும் பயன்படுவதற்கு. 4கே திரை ஏற்கெனவே இருந்தால் வலுவான கார்டு வேண்டும். 60 ஹெர்ட்ஸ் முழு எச்.டி. திரையை வைத்துக்கொண்டு பெரிய கார்டு வாங்குவது, கைவண்டி போகும் சந்துக்கு லாரி வாங்குவது போல.

4. சம்பாதிப்பதற்கு. பிள்ளை வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு செய்து கூலி வாங்குகிறான் என்றால் அது தொழில் இயந்திரம், கணக்கே வேறு.

இதோடு ஒரு எச்சரிக்கை. கார்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டு விளையாட்டுக்கு வாங்கியதைக் கடைப் பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு அது செல்லாது. சிறு தொகைக்கு ஆசைப்பட்டு நோட்டீஸ் வாங்க வேண்டாம்.

முடிவாக

இவ்வளவும் பேரனுக்குச் சொன்னேன். அவன் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் முகம் தெளியவில்லை. வற்புறுத்திக் கேட்டதற்குச் சொன்னான்: "இப்ப விட்டா அப்புறம் அப்பா வாங்கித் தர மாட்டாங்க தாத்தா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆறு வருஷம் கழித்து வரும் விளையாட்டைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்க முடியாது என்ற பயத்தில் முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நாமும் அப்படித்தானே? அடுத்த மாதம் சரக்கு கிடைக்காதோ என்ற பயத்தில் எத்தனை தடவை அளவுக்கு மீறி இருப்பு வைத்துப் புழு விழ விட்டிருக்கிறோம்! பயத்தில் செய்த கொள்முதலுக்கு வருங்காலத் திட்டம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

16 ஜி.பி. உள்ள நடுத்தரக் கார்டு வாங்கினோம். மிச்சப்பட்ட தொகையில் பாதி தீபாவளிச் சரக்குக்குப் போனது. மறுபாதியை என் மகன் பேரன் பெயரிலேயே மூன்று வருஷ வைப்பில் போட்டு, ரசீதை அவன் கையில் கொடுத்தான். "மூணு வருஷம் கழிச்சு உனக்குத் தேவைன்னா இது கார்டு. தேவையில்லைன்னா உன் முதல்" என்றான்.

நாளைய தேவைக்கு நாளைய சரக்கே பொருத்தம். இன்று நாம் எடுத்துவைக்க வேண்டியது அதை வாங்கும் பணத்தையும், கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும்தான். வீட்டிலும் கடையிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.