சங்கீதம் வாசிக்கச் சில குறிப்புகள்

1. தேதியைப் பார்த்து வாசியுங்கள். மொத்தம் 150 சங்கீதம். இன்று 7-ஆம் தேதி என்றால் 7. முப்பது முப்பதாகக் கூட்டி 37, 67, 97, 127. மாதத்துக்குள் முடிந்துவிடும். 29-ஆம் தேதிதான் வம்பு. அன்று 119 வரும், 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடலாம். அன்றும் நான் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. எபிரெய எழுத்து 22-க்கும் எட்டெட்டு வசனமாக அது பிரிந்திருக்கிறது. எட்டு முடிந்ததும் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன்.

2. வாய்விட்டு வாசியுங்கள். இவை பாட்டுகள். முன்பாதியில் சொன்னதைப் பின்பாதி வேறு வார்த்தையில் சொல்லும், சிலசமயம் எதிராகத் திருப்பும். குடும்ப ஜெபத்தில் ஒருவர் முன்பாதி, மற்றவர்கள் பின்பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். 136-இல் தொடங்குவது சுலபம். 26 வசனத்துக்கும் பின்பாதி ஒன்றேதான். வாசிக்கத் தெரியாத பேத்திகூட இரண்டாவது வசனத்திலேயே சேர்ந்துகொள்வாள்.

3. பொடி எழுத்துத் தலைப்பை விடாதீர்கள். சாம்பல் புதனன்று கோயிலில் கேட்டே பழகிய 51-ஆம் சங்கீதத்தை வெறும் தவசுகால ஜெபம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்சேபாளிடத்தில் தாவீது செய்த பிழையை நாத்தான் வந்து உணர்த்திய பின் பாடியது என்கிறது தலைப்பு. 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை முதலில் வாசித்துவிட்டு வாருங்கள். அப்புறம் அதை அவசரமாக வாசிக்க வாய் வராது.

4. வீட்டில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பென்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். செட்டை என்றால் சிறகு. 16-இல் வரும் உள்ளிந்திரியம், எபிரெயத்தில் சிறுநீரகம்! உள்மனம் அங்கே குடியிருப்பதாக எண்ணிய காலம் அது.

5. 'சேலா' என்பதன் பொருளை அறிஞர்களே முடிவு செய்யவில்லை. நான் அதை உச்சரிப்பதில்லை. ஒரு மூச்சு நிறுத்திக்கொள்வேன்.

6. 88-ஐத் தாண்டிப் போகாதீர்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் துதியில் முடியும். இது இருட்டிலேயே முடியும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் 23-ஐயோ 91-ஐயோ வாசித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வராந்தா பெஞ்சில் என்னைப்போலவே பேசியது 88 மட்டும்தான். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

7. பைபிள் தாள் மெல்லிசு. பேனா மை பின்பக்கம் ஊறும், ஹைலைட்டர் இன்னும் மோசம். பென்சில்தான் நல்லது. வாசித்த தேதியையும் காரணத்தையும் ஓரத்தில் இரண்டே வார்த்தையில் குறியுங்கள். அம்மாவின் பைபிளில் 121-க்குப் பக்கத்தில் 'தம்பி காய்ச்சல்' என்று இருக்கிறது, அதற்குக் கீழே 'இறங்கிவிட்டது' என்று. பென்சிலை நூலில் கட்டி பைபிளோடேயே தொங்கவிடுங்கள். தேடப்போனால் வாசிப்பு நின்றுவிடும்.