ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லை, இழப்பீடு கிடைக்குமா?

பேராவூரணி – பட்டுக்கோட்டை ரோட்டில் பைக்கில் போறீங்க. ஒரு கார் வந்து மோதுது. ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லை. கூட்டத்தில் ஒருத்தராவது சொல்வார்: “லைசென்ஸ் இல்லேன்னா இன்சூரன்ஸ் காசு வராது தம்பி, கொடுக்கிறதை வாங்கிட்டு பேசி முடிச்சுக்கோ.” இதை நம்பி எதிலும் கையெழுத்துப் போட்டுடாதீங்க.

நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரண் சிங் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிடுச்சு. லைசென்ஸ் இல்லைங்கிறதை மட்டும் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்க முடியாது. வண்டி உரிமையாளர் மேல தப்பு இருக்குன்னு அது நிரூபிக்கணும். நிரூபிச்சாலும், அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கட்டிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிச்சுக்கோன்னு தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

நாம செய்ய வேண்டியது மூணு:

1. போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்க. லைசென்ஸ் இல்லாததையும் புகாரில் எழுதுங்க.

2. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி வாங்குங்க. எல்லா பில்லையும் பத்திரமா வைங்க.

3. 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்க. ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் அதில் சேர்க்கணும். சென்னையில் அடிபட்டிருந்தாலும் சொந்த ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இதே சட்டம் நம்ம பக்கமும் திரும்பும். லைசென்ஸ் இல்லாத நண்பனுக்கு அப்பா பேரில் உள்ள பைக் சாவியைக் கொடுக்கிறோம். அவன் யாரையாவது இடிச்சா, கம்பெனி கட்டின லட்சங்களை அப்பாகிட்ட கேட்கலாம். சாவி கொடுத்த நமக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. “மச்சி, சாவி குடுடா”ன்னு கேட்டா, முதலில் லைசென்ஸைக் கேளுங்க.