நோரோ வைரஸின் மரபு வகைகளும் அவை பரவும் முறையும்

வாந்தியும் பேதியும் ஒருங்கே கண்டால் காலரா என்று அஞ்சுவது இந்தியாவில் நெடுங்கால வழக்கம். காலராவுக்கு வாந்திபேதி என்றே பெயர் வழங்கிற்று. ஆயினும் இவ்விரு குறிகளையும் தோற்றுவிக்கும் கிருமிகள் பல. அவற்றுள் நோரோ வைரஸ் முதன்மையானது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 68.5 கோடி முறை இந்நோய் காண்பதாகவும், அவற்றுள் 20 கோடி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் காண்பதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரு முறை நோயுற்றுத் தேறியவர் மீண்டும் நோயுறுவது ஏன் என்னும் வினாவுக்கு இவ்வைரஸின் மரபு வேற்றுமையே பெரும்பகுதி விடையாகும்.

கண்டுபிடிப்பு

1968ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் மாணவரும் ஆசிரியருமாகச் சுமார் பாதிப்பேர் வாந்தியால் வருந்தினர். பாக்டீரியா எதுவும் அகப்படவில்லை. 1972இல் ஆல்பர்ட் கபிகியான் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும், நோயிலிருந்து தேறியவரின் இரத்த நீரை மலத்தின் வடிநீருடன் சேர்த்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். இரத்த நீரிலுள்ள எதிர்ப்பொருள் வைரஸ்களைத் திரட்டித் தந்தமையால் 27 நானோமீட்டர் அளவுள்ள நுண்துகள்கள் புலப்பட்டன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். ஊரின் பெயரே சுருங்கி வைரஸின் பெயராயிற்று.

அமைப்பும் வகைப்பாடும்

இவ்வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; ஏறக்குறைய 7,500 எழுத்துக்கள் கொண்டது. அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதற்பகுதி வைரஸ் பெருகுவதற்கான புரதங்களை அளிக்கும். இரண்டாவது, புறவோட்டின் பெரும்புரதத்தை அமைக்கும். மூன்றாவது, ஒரு சிறு ஓட்டுப் புரதத்திற்குரியது. பெரும்புரதத்தின் மூலக்கூறுகள் 180 இணைந்து ஓடு உருவாகிறது.

நோயாளரின் மலத்திலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றிப் பன்மடங்கு பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து வகை துணியப்படுகிறது. 2019இல் வெளியான வகைப்பாட்டின்படி மரபுக் குழுக்கள் 10. அவற்றினுள் மரபு வகைகள் 49. மனிதரிடம் மிகுதியாகக் காண்பவை முதலாம், இரண்டாம் குழுக்களே. 1990களின் நடுப்பகுதி முதல் உலகெங்கும் மேலோங்கி நின்றது இரண்டாம் குழுவின் 4ஆம் வகையாகும்.

புது உருவங்கள் தோன்றும் விதம்

ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகள் திருத்தப்படுவதில்லை. அப்பிழைகளுள் புறவோட்டின் வெளிமுகத்தை மாற்றுபவை வைரஸுக்கு நன்மை பயக்கின்றன. பழைய உருவத்துக்கென உடல் ஆக்கிய எதிர்ப்பொருள் புதிய முகத்தைச் செவ்வனே பற்றுவதில்லை. இவ்வாறு 4ஆம் வகையில் 2002, 2006, 2009, 2012 ஆகிய ஆண்டுகளை ஒட்டிப் புது உருவங்கள் எழுந்தன. இறுதியிற் கூறியது சிட்னி நகரின் பெயரைத் தாங்கியது.

மற்றொரு வழியும் உண்டு. ஒரே உயிரணுவில் இரு வைரஸ்கள் புகுந்தால், ஒன்றன் முதற்பகுதியும் மற்றதன் ஓட்டுப் பகுதியும் இணைந்து கலப்பு வைரஸ் பிறக்கலாம். ஆதலின் இக்காலத்தில் இரு பகுதிகளையும் தனித்தனியே ஆராய்ந்து இரட்டைப் பெயர் இடுகின்றனர். 17ஆம் வகை 2014-15இல் சீனாவிலும் ஜப்பானிலும் பரவியது. 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

எல்லாரும் ஒரே அளவில் நோயுறுவதில்லை. குருதி வகைகளைச் சார்ந்த சில சர்க்கரைப் பொருள்களை வைரஸ் குடலில் பற்றிக்கொள்கிறது. ஒரு மரபணுக் குறையால் அப்பொருள்கள் குடலில் அமையாதவர்களைப் பல வகைகள் தொற்றுவதில்லை.

இந்தியாவில்

வேலூரில் குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இளமையிலேயே நோரோ வைரஸ் தொற்றுவதும், இரண்டாம் குழு மேலோங்குவதும் அறியப்பட்டன. கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் 2021 நவம்பரில் கல்லூரி மாணவர் 13 பேரிடமும், விழிஞ்ஞத்தில் 2022 ஜூனில் குழந்தைகள் இருவரிடமும் இது உறுதி செய்யப்பட்டது. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இந்தியாவில் 2016 முதல் அளிக்கப்பட்டு வருகிறது. அந்நோய் குறைந்த நாடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு நோரோ வைரஸ் முதற்காரணமாக விளங்குவது கருதத்தக்கது. வகைகள் பலவாயிருத்தலும் அடிக்கடி மாறுதலும் இதற்குத் தடுப்பூசி ஆக்குவதைக் கடினமாக்கியுள்ளன.

பரவுதலும் தடுப்பும்

நூற்றுக்கும் குறைவான துகள்களே நோயை உண்டாக்கப் போதும். மாசுற்ற நீர், வேகாத சிப்பி, நோயாளர் தொட்ட உணவு, வாந்தியின் நுண்துளி ஆகியவற்றால் இது பரவும். 12 முதல் 48 மணி நேரத்தில் குறிகள் தோன்றி, ஒன்று முதல் மூன்று நாளில் தணியும். ஆயின் தேறியபின்னும் இரண்டு வாரம் வரை மலத்தில் வைரஸ் வெளிப்படக்கூடும். குணமடைந்தவர் சமைக்கும் உணவால் நோய் பரவுவது இதனாலேயே. ஆகவே நோய்க்குறி நீங்கிய பின் இரண்டு நாளேனும் அவர் சமையலில் ஈடுபடலாகாது.

ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தை நம்பியிராமல், சோப்பும் நீரும் கொண்டு கைகளை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வாந்தி பட்ட இடத்தைக் குளோரின் கரைசலால் துடைத்தல் வேண்டும். நோயுற்ற குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்த கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாகப் புகட்டுதல் உயிர் காக்கும் முறையாகும். வைரஸின் வகை எதுவாயினும் இம்முறைகள் மாறுவதில்லை.